குளிர் அறையில் வெள்ளையணுக்கள்

ரத்த வெள்ளையணு ஒன்றைத் தன்னைவிட ஒடுக்கமான கண்ணாடிக் குழாய்க்குள் இழுத்து, வெளியே விட்டு, எவ்வளவு நேரத்தில் பழையபடி உருண்டையாகிறது என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. உறவினர்களிடம் விளக்கினால் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, வேல எப்ப கெடைக்கும்?" என்பார்கள்.

ரத்தம் என்னுடையது. வேறு யாரும் கையை நீட்டத் தயாராக இல்லை.

புதுச்சேரி வெயிலில் அந்த மாடியிலேயே ஏசி இருந்த அறை எங்களுடையது மட்டும்தான். கிடைத்த பாக்கியத்தை வீணாக்கக் கூடாதென்று, எவ்வளவு குளிரும் என்று பார்த்துவிடுகிற அளவில் வைத்திருந்தோம். சித்திரை மாதத்தில் ஸ்வெட்டர் போட்டு ஆராய்ச்சி செய்தோம். பக்கத்து அறைக்காரர்கள் சந்தேகம் கேட்கிற பாவனையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அணுக்கள்தாம் ஒத்துழைக்கவில்லை. குழாயிலிருந்து வந்தவை நீளக் கொழுக்கட்டையாக அப்படியே கிடந்தன.

"உன் ரத்தம்தானடா" என்றாள் கூட வேலை செய்த ரெட்டியார்பாளையத்துத் தோழி. "காலைல எழுப்பினா நீயும் இப்படித்தான் கெடப்பேன்னு உங்கம்மா சொன்னாங்க."

எங்களுக்கு வழிகாட்டியான பேராசிரியை சிரிக்கவில்லை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். கோபம் வந்தால் மரியாதை கூடி, பிரெஞ்சில் 'ஐயா' போட்டுவிடுவார். "முஸ்யே, நாளைக்கு நானே வந்து பாக்கறேன். உருண்டையாகலன்னா இந்தத் தலைப்ப விட்டுடுங்க." விட்டால், தம்பி கல்யாணம் முடித்துக் குழந்தையும் பெற்றுவிட்ட வயதில் நான் மறுபடி முதல் வருஷ மாணவன்.

மறுநாள் காலையிலேயே கரண்ட் போயிற்று. நுண்ணோக்கி இன்வெர்ட்டரில் ஓடியது. ஏசிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஜன்னலைத் திறந்தோம். அனல் உள்ளே வந்தது, சந்தேகம் கேட்க வந்தவர்கள் வெளியே போனார்கள். மதியம் பேராசிரியை வந்தபோது அறை நன்றாக வெந்திருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். குழாயைவிட்டு வந்த கொழுக்கட்டை, அவசரமே இல்லாமல், சுருங்கி உருண்டையாயிற்று. அடுத்ததும் அப்படியே.

நிமிர்ந்தவர் ஏசியைப் பார்த்தார், பிறகு நாற்காலியில் தொங்கிய ஸ்வெட்டர்களைப் பார்த்தார். "உடம்புச் சூட்டுல இருக்க வேண்டியத ஊட்டியில வெச்சிருக்கீங்க. வெறச்சுப் போயிருக்கு. தலைப்பு இருக்கட்டும். அந்த ரிமோட்டக் குடுங்க."

அது அவருடைய கைப்பைக்குள் போய்விட்டது. பட்டம் வாங்கும்வரை அங்கே வியர்த்து வழிந்தோம். சந்தேகம் கேட்க ஒருவரும் வரவில்லை. நுண்ணோக்கியின் ஒரே கண்வில்லையில் மாறிமாறிக் குனிவோம். "வருதுடா, வருது" என்று தோழி கிசுகிசுப்பாள், அணுவுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல.

இப்போது அந்த வேலையைக் கணினியே பார்த்துக்கொள்கிறதாம். வேகம்தான், துல்லியம்தான். இருந்தாலும், வியர்க்காத ஒன்று அந்த அணுக்களுக்காகக் காத்திருக்கிறது என்பதை என் மனம் இன்னும் ஒப்பவில்லை.