பிரித்தெடுத்த பெயர்கள்

“மூலையில் இருக்கிற இந்தக் கிறுக்கலை எடுத்துவிடலாமே?” என்றாள் கடைக்காரி, மேசைவிரிப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி. வாங்குகிறவர்களுக்கு அது கறைபோலத் தெரியுமாம். அதற்குப் பதிலாக, பார்ப்பவர்களுக்கு இரக்கம் வரும்படி முகம் மூடிய பெண்ணின் படமொன்றை விலைச்சீட்டில் போடலாமாம்.

அது தொண்ணூறுகளின் கடைசி. நியூசிலாந்தில், கிளென் ஈடனில் முதியோர் இல்லமொன்றின் சலவை அறையில் நானும் ஓர் ஆப்கானிய அக்காவும் வேலை செய்தோம். காபூலில் அவர் மருத்துவத் தாதி. தலிபான்கள் பெண்களை வீட்டுக்குள் அடைத்தபின் அவருடைய தங்கையும் அயலவர்களும் கதவைச் சாத்திக்கொண்டு துணிகளில் பூவேலை செய்தார்கள். அந்தத் துணிகள் பெஷாவர் வழியாக எங்களுக்கு வரும். ஓய்வுநாட்களில் கடைகடையாகக் கொண்டுபோவோம். ஒவ்வொன்றின் மூலையிலும் செய்தவளின் பெயர் சிவப்பு நூலில் இருக்கும்.

அன்று அந்தக் கடைக்கு நான் தனியே போயிருந்தேன். ‘சரி’ என்று தலையாட்டினேன். என் பெயர் நீளமென்று மேற்பார்வையாளர் அதை இரண்டெழுத்தாக வெட்டியபோது வீட்டுக்கு வந்து குமுறியவள் நான். அதே நான், சமையலறை மேசையில் பிளேடோடு உட்கார்ந்து பதினொரு பெயர்களைப் பிரித்தெடுத்தேன். ஒன்றைக்கூட எனக்கு வாசிக்கத் தெரியாது.

மறுநாள் அக்கா வந்து மூலைகளைத் தடவினார். எங்கள் இருவருக்கும் பொதுவான உடைந்த ஆங்கிலத்தில், “அங்கே அவர்கள் அழிக்கிறார்கள். இங்கே நீயா?” என்றார்.

“விக்கவேணுமெண்டுதானே அக்கா” என்று தமிழில்தான் வந்தது எனக்கு. அவருக்கு விளங்கியிருக்கவேண்டும்.

“அந்தப் பெண்கள் பிச்சை கேட்கவில்லை.”

கடைக்குப் போன் எடுத்து, துணி இல்லை என்று அவரே சொன்னார். அந்தக் குரலில் இருந்த கோபம் என்மீதும்தான். பிறகு துணிகளை ஒவ்வொன்றாகச் சன்னலில் பிடித்து, ஊசித்துளைகளைக்கொண்டு எழுத்துகளை வாசித்து, சிவப்பு நூலால் மீண்டும் தைத்தார். ஒன்பதுதான் முடிந்தது. மற்ற இரண்டையும் தண்ணீர் தெளித்து, துளைகூடத் தெரியாதபடி நான் அயர்ன் பண்ணியிருந்தேன். அவ்வளவு சுத்தமான வேலை!

ஒன்பதையும் மாசியில் ஒரு சந்தையில் விற்றோம். வாங்கியவர்கள் ஒவ்வொருவரையும் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லவைத்த பிறகே அக்கா துணியைக் கொடுத்தார். தங்கைக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவேயில்லை. அதன்பின் பார்சலும் வரவில்லை.

கடைக்காரியை இன்றும் மனசுக்குள் திட்டுகிறேன். ஆனால் பிளேடு பிடித்தது அவளல்ல. அன்று சந்தையில் எஞ்சிய இரண்டையும் கேட்டு ஆட்கள் வந்தார்கள். அக்கா கொடுக்கவில்லை. என் பக்கம் திரும்பி, “யார் செய்தது என்று கேட்கிறார்கள். நீயே சொல்” என்றார்.