லேமினேட் செய்த இரண்டு ரசீதுகள்

போன திங்கட்கிழமை கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். நான், என் மகள் ஷீபா, உதவித்தொகை பிரிவு கிளார்க் அம்மா. நாலாவது நாற்காலி சூப்பிரண்டெண்டுடையது. அவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

ஷீபா டாக்டருக்குப் படிக்கிறாள். நடுவில் மூன்று வருஷம் அதை நிறுத்திவைத்து, ஃபிசியாலஜியில் பிஎச்.டி. இரண்டும் சேர்ந்த ஒரே படிப்பு. கூடப் படித்தவர்கள் ஸ்டெதஸ்கோப்போடு வார்டில் நடக்க, இவள் லேபில் எலியின் இதயத் தசை எப்படிச் சுருங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். எட்டாவதோடு பள்ளியை விட்ட எனக்குப் பாதிதான் புரியும். கவலை மட்டும் முழுசாக வரும்!

மாதம் முப்பதாயிரம் உதவித்தொகை. ஏழு மாதமாக வரவில்லை.

“இந்த மாசமும் வரலேன்னா லேபை விட்டுட்டு வார்டுக்கே போயிடறேன்ப்பா.” தாம்பரத்தில் ரயில் ஏறும்போது சொன்னாள்.

கிளார்க் அம்மா ஃபைலைப் புரட்டினார். “மெடிக்கல் ஸ்டூடண்ட்னு கீதே சார். ஆராய்ச்சி பண்றவங்களுக்குத்தான் பணம்.”

“ஆராய்ச்சிதானே மேடம் பண்றேன்?”

“அப்போ மெடிக்கல் லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துட்டு வாம்மா.”

எடுத்தால் டாக்டர் படிப்பு போச்சு!

எனக்குச் சுர்ரென்று ஏறியது. திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டிய காலத்தில் ஒரே ஷிஃப்டில் இரண்டு மிஷின் பார்த்தேன். இரண்டுக்கும் கூலி கொடுத்தார்கள். ‘நீ எந்த மிஷின் ஆள்’ என்று யாரும் கேட்கவில்லை.

பையைத் திறந்து இரண்டு ரசீதுகளை மேஜைமேல் வைத்தேன். “இது மெடிக்கல் ஃபீஸ். இது ஆராய்ச்சி ஃபீஸ். வாங்குறப்போ மட்டும் ரெண்டு பேரா தெரிஞ்சாளா?”

கிளார்க் அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரப்பர் ஸ்டாம்பைக்கூட எடுத்தார்... அப்படியே நின்றார்.

“லேமினேட் பண்ணி வெச்சிகீறீங்களே சார்! சரிபார்த்தாச்சுன்னு சீலை எது மேல குத்துறது?”

“தொலைஞ்சிடுமோன்னு பயம்மா...”

“என் தடுப்பூசி அட்டையையே விடல மேடம் இவரு” என்று ஷீபா சிரித்துவிட்டாள்.

பயந்தாங்கொள்ளி செய்த தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிளாஸ்டிக்குக்குள்ளே எழுத்து தெரிகிறது, நம்பர் தெரிகிறது. ஒரு பெண் ஏழு மாதம் சம்பளமில்லாமல் உழைத்தது மட்டும் எப்படித் தெரியாமல் போகிறது?

நகல் ரசீதுக்கு மனு போட்டோம். அதற்கு நூறு ரூபாய் கட்டணம் - உடனே, ரொக்கமாக. கட்டினேன். அதில் தாமதமே இல்லை.

இன்னும் ஒரு மாதம் லேபிலேயே இருந்து பார்க்கிறேன் என்கிறாள் ஷீபா.

அவளுக்கு வரவேண்டிய பாக்கி: இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய்.