இறங்காத ரெக்கார்டு பட்டன்

எனக்குக் கல்லிடைக்குறிச்சி. ஊரெல்லாம் சி.டி. பிளேயர் வந்துவிட்டது. நான் இன்னும் மலிவான பழைய டேப்ரெக்கார்டர்களைத்தான் வாங்கிச் சேர்க்கிறேன். கல்யாணமான புதிதில் பிடித்த பைத்தியம். மனைவி இறந்த பிறகும் விடவில்லை. எந்த செட் வந்தாலும் ரெக்கார்டு பட்டனை அழுத்தி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று பேசிப் பார்ப்பேன்.

சென்ற மாதம் காயல்பட்டினத்தில், துபாயிலிருந்து திரும்பிய ஒருவரிடம் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் வாங்கினேன். உள்ளேயே ஒரு கேசட் கிடந்தது. வீட்டில் வந்து அழுத்தினால் ரெக்கார்டு பட்டன் இறங்கவில்லை. கேசட்டை எடுத்துப் பார்த்தேன். யாரும் அழித்துவிடாதபடி முதுகிலிருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்திருந்தார்கள். அந்தக் குழியில் காகிதத்தைத் திணித்தால் பதியலாம். காகிதத்தை மடித்தும் விட்டேன். ஏனோ ஒருமுறை ஓடவிட்டேன்.

"மவனே, சாப்பிட்டியா? அங்கன வெயிலு கூடுதலாமே. தலையில துணியப் போட்டுக்கிட்டுப் போ..."

காகிதத்தைக் கீழே போட்டேன். மறுநாளே பஸ் ஏறிக் கேசட்டைக் கொண்டுபோய் அவரிடமே கொடுத்தேன். வாங்கியதும் முதுகிலிருந்த குழியை விரலால் தடவிப் பார்த்தார்.

"உம்மா மவுத்தாயிட்டாங்க, அண்ணாச்சி. அவங்க சத்தம் இது ஒண்ணுலதான் இருக்கு. வீடெல்லாம் தேடுதேன்."

இப்போது எந்த செட் வாங்கினாலும் உள்ளே இருப்பதை முழுக்கக் கேட்காமல் ரெக்கார்டு பட்டனைத் தொடுவதில்லை.

அன்று திரும்பி வந்து என் பழைய கேசட்டுகளையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டேன். எல்லாவற்றிலும் என் குரல்தான். ஒன்றில் மட்டும், "ரெண்டு" என்று நான் சொல்லும்போது அடுக்களையில் யாரோ டம்ளரைக் கழுவி வைக்கிற சத்தம். அவள்தான்.

அந்தக் கேசட்டின் துண்டை உடைத்துவிட்டேன்.