ஜெட் விமானத்துக்குத் தேசிக்காய்

என் மாமாவுக்கு விமானப் பைத்தியம். அவர் அம்மாவின் ஒரே தம்பி. வாரத்தில் ஐந்து நாள் இல்ஃபோர்டில் ஒரு கராஜில் கார் பிரேக்குகளைக் கழற்றிப் பூட்டுவார். சனிக்கிழமை விடிந்தால் எசெக்ஸ் வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன விமானத் திடலுக்குப் போய், கிழட்டு இராணுவ ஜெட் ஒன்றின் பிரேக்குகளைக் கழற்றிப் பூட்டுவார். முன்னதற்குச் சம்பளம், பின்னதற்குத் தேத்தண்ணீரும் பிஸ்கட்டும். விமானப்படை கழித்துவிட்ட ஜெட்டுகளை வாங்கித் திருத்திப் பறக்கவிடும் வெள்ளைக்காரர் சிலர் அங்கே இருந்தார்கள். பைத்தியத்துக்குப் பைத்தியம் துணை என்று மாமாவும் அவர்களோடு ஒட்டிக்கொண்டார்.

"காசுக்கு உழைக்கிறவனைக் கண்டிருக்கிறன், எண்ணெய் மணத்துக்கு உழைக்கிறவனை இப்பதான் காணுறன்" என்று அம்மா சிரிப்பார். எத்தனையோ தடவை மாமா கூப்பிட்டும் அம்மா அந்தப் பக்கம் வந்ததில்லை.

ஒரு சித்திரை மாதம் மாமா குட்மேய்ஸில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். நெடுங்காலம் படுத்துக்கிடந்த அந்த ஜெட் மறுநாள் பறக்கப்போகிறதாம். பிரேக் முழுக்க அவர் கைவேலையாம்.

"புதுக் கார் எடுத்தாத் தேசிக்காய் வைக்காமல் விடுவமோ அக்கா? நீங்கள் வந்து உங்கட கையால வைக்கவேணும்."

அம்மா அப்போது ஹீட்டர்களில் போட்டிருந்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு உடுப்புகள் ஒருநாளும் வெளியில் காய்ந்ததில்லை. அக்கம்பக்கத்தார் நல்ல வெயிலுக்குத் தோட்டத்தில் கொடி கட்டிப் போடுவார்கள். நாங்கள் ஆனி மாதத்திலும் ஹீட்டர்தான். சுவரில் பூஞ்சணம் பிடிக்கிறது என்று அப்பா சத்தம் போடுவார். கண்ணூறு படும் என்பது அம்மாவின் பதில். எங்கள் பழைய உள்சட்டைகளைப் பார்த்து எவருக்குப் பொறாமை வரும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

"பறக்கிறவரும் வருவாரோ?" என்று அம்மா கேட்டார்.

"அவர் வராட்டி அது என்னெண்டு பறக்கும்?" என்று மாமா சிரித்தார்.

"அப்ப வாறன்."

காலையில் அம்மா மாம்பழ மஞ்சள் சேலை கட்டிக்கொண்டார். சாமித்தட்டில் சின்னம்மாவின் படத்துக்கு முன்னால் வழக்கத்தைவிட நெடுநேரம் நின்றார். சின்னம்மா, அம்மாவின் தங்கை. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே ஊரில் இறந்தவர். எப்படி என்று கேட்டால், சண்டைக் காலத்தில் என்று சொல்லிப் பேச்சை மாற்றுவார்கள். அப்பாவுக்கு ஷிப்ட். ஆகவே தேசிக்காய், கற்பூரம், மனோர் பார்க் கோயில் விபூதி சகிதம் நாங்கள் மூன்று பேரும் புறப்பட்டோம்.

திடலில் எல்லாரும் வரிசையாக ஓடுபாதையில் குனிந்து நடந்துகொண்டிருந்தார்கள். ஏதோ மோதிரம் தொலைந்துவிட்டது என்று நினைத்தேன். ஜெட் எஞ்சின் தரையில் கிடப்பதை எல்லாம் உறிஞ்சி இழுத்துவிடும், அதனால் பறக்கும் முன் சின்னக் கல்லையும் பொறுக்கிவிடுவார்கள் என்று மாமா விளக்கினார். அப்படிப் பாதையைக் கூட்டித் துடைத்து வைத்தவர்களிடம்தான் நாங்கள் தேசிக்காய் நசுக்க வந்திருக்கிறோம் என்றார். பொறுப்பாக இருந்த பெண்மணி தேசிக்காயைப் பார்த்து முகம் வெளுத்தார். பக்கத்தில் எரிபொருள் வண்டி நின்றதால் கற்பூரத்தைப் பார்த்து இன்னும் வெளுத்தார்.

மாமாவின் முகம் சுருங்கிப்போயிற்று. ஒருவழியாகச் சமரசம் பிறந்தது. விமானத்தை இழுத்துப் போகும் டிராக்டரின் சில்லுக்குக் கீழே, கொட்டகைக்குள், தேசிக்காயை வைக்கலாம். நசுங்கியதைத் துடைத்துவிட வேண்டும். கற்பூரம் கைப்பையை விட்டு வெளியே வரக்கூடாது. விபூதி பூசலாம். அம்மா எட்டி அந்தப் போர் விமானத்தின் மூக்கில் மூன்று விரலால் குறி இழுத்ததும் அது கோயில் யானை மாதிரி சாதுவாகிவிட்டது. மாமா டிராக்டரில் ஏறினார். தேசிக்காய் சட்டென்று நசுங்கியது. வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள்.

விமானி சிவந்த கன்னங்களுள்ள கிழவர். அம்மாவிடம் வந்து கைகூப்பினார். அவர் அந்தக் காலத்தில் விமானப்படையில் இருந்தவர் என்று மாமா சொல்லியிருந்தார். அம்மா என்னை முன்னால் இழுத்துவிட்டார். அவருக்கு பஸ்ஸுக்கும் டொக்டருக்கும் போதுமான இங்கிலீஷ் தெரியும். முக்கியமான காரியத்துக்கு என்னைத்தான் நம்புவார். அதில் எனக்குப் பெரிய தலைக்கனம்.

"பிள்ளை, மேலயிருந்து பாக்கேக்க கீழ நிக்கிற ஆக்களைத் தெரியுமோ எண்டு கேள்."

கேட்டேன். கிழவர் உற்சாகமாகிவிட்டார். உயரத்தில் போனால் தெரியாது, தாழப் பறந்தால் எல்லாம் தெரியும் என்றார். தோட்டத்தில் விளையாடும் பிள்ளைகள், நாய், கொடியில் காயும் உடுப்பு, அதைப் போடும் ஆள் ஆணா பெண்ணா என்பதுகூட. நான் ஒன்றையும் விடாமல் தமிழில் சொன்னேன்.

"உடுப்புப் போடுற ஆளையுமோ? வடிவாக் கேட்டனியோ?"

"ஓமம்மா. வடிவாத் தெரியுமாம்."

கிழவர் அம்மாவின் சேலையைக் காட்டி, இந்த மஞ்சளை நான் தவறவிட மாட்டேன், உங்களுக்காகவே ஒருமுறை தாழ வருகிறேன் என்றார்.

விமானம் இரைந்துகொண்டு கிளம்பியது. காதைப் பொத்திக்கொண்டு குதித்தேன். குளிர்காற்று வீசியது. அம்மா கோட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, கூட்டத்திலிருந்து விலகி வேலியோரப் புல்லில் தனியே போய் நின்றார். படம் பிடிக்க வசதியாக நிற்கிறார் என்று நினைத்தேன். விமானம் பெரிய வட்டமடித்துத் திரும்பி, எங்களை நோக்கித் தாழ வந்தது. அம்மாவுக்கு நேரே வந்ததும் இரண்டு சிறகையும் இப்படியும் அப்படியுமாய் ஆட்டிவிட்டு மேலே ஏறியது. எல்லாரும் கத்திக் கைகாட்டினார்கள். அம்மா அசையவில்லை. பிறகு அந்த இடத்திலேயே குந்திவிட்டார்.

இறங்கி வந்த கிழவர் தான் கண்டதை முதலில் என்னிடம்தான் சொன்னார். நான் அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, நீங்கள் கை கட்டிக்கொண்டு நிண்டதையும் கண்டவராம்!"

"ஓம். கண்டிருப்பார்" என்றார் அம்மா. அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு விமானமே வந்து வணக்கம் சொன்னால் யாருக்குத்தான் கலங்காது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. கிழவருக்கு நன்றி சொல்லச் சொன்னார். சொன்னேன்.

திரும்பும்போது மாமாவுக்குக் கால் நிலத்தில் இல்லை. கார் ஓட்டிக்கொண்டே பாடினார். பிரேக் பிடித்த அழகைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பின்சீட்டிலிருந்து நான் என் பங்குக்கு, "அம்மா, இனி எங்கட உடுப்பையும் வெளியில போடுவம், அவர் பறக்கேக்க காணட்டும்" என்றேன். கொஞ்சத் தூரம் போன பிறகு அம்மா, "உன்ர தேசிக்காய் பலிச்சிட்டுது, தம்பி" என்று மாமாவிடம் மட்டும் சொன்னார்.

சின்னம்மாவைப் பற்றி அம்மா வாய் திறந்தது எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான். ஒரு மத்தியானம் சின்னம்மா முற்றத்துக் கொடியில் உடுப்புப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஊரில் பொம்மர் என்று சொல்லும் குண்டு விமானம் தாழ வந்து ஒரு வட்டமடித்துப் போய், திரும்பி வந்தது. பங்கருக்குள் இருந்து அம்மா கூப்பிட்ட குரல் அந்த இரைச்சலில் கேட்கவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள், மேலே இருக்கிறவனுக்குக் கூரையும் மரமும்தான் தெரியும், ஆள் தெரியாது என்று சொல்லித் தேற்றினார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வீடு எழுந்து நடமாடியது. அம்மாவுக்கு அதை நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. கேட்டு அறிய ஓர் ஆள் கிடைக்கவில்லை.

அப்போது ஜெர்மனியில் தன்னந்தனியே இருந்த மாமாவிடம், சின்னம்மா ஷெல் விழுந்து இறந்தார் என்று மட்டும் சொன்னார்கள். அவர் இன்றும் அப்படித்தான் நம்புகிறார், சனிக்கிழமைகளில் திடலுக்கும் போகிறார். விமானப் புத்தகங்களைத் தவிர அவர் வேறெதையும் வாசிப்பதில்லை என்ற துணிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

அன்று அந்தக் காரில் எனக்கு இருந்த யோசனை ஒன்றே ஒன்றுதான். அடுத்த தடவை வரும்போது என்னையும் அந்தக் கிழவர் மேலேயிருந்து கண்டுபிடிக்க, என்ன நிறச் சட்டை போடுவது என்பது.