பின்னால் கூப்பிட்டவள்

ஆலங்குடாக் கரையில் கத்தரினாவின் பெயரைச் சொன்னால், "ஆர், பின்னால கூப்பிட்டவளோ?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடலுக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கத்தரினாவுக்குத் தெரியாதா என்ன? ஆனால் புருஷன் றொபி தேத்தண்ணிப் போத்தலை மறந்துவிட்டு நடந்தபோது வாய் முந்திக்கொண்டது. அவன் திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனான். அன்றடித்த காற்றில் வள்ளம் கவிழ்ந்து, பிணமாகத்தான் கரை சேர்ந்தான்.

சவக்காலையில் மண் போடும்போதே றொபியின் தமையன் இனாஸ், "என்ர தம்பியை இவளின்ர வாய்தான் திண்டது" என்றான். அவன் கரைவலை வைத்திருக்கும் சம்மாட்டி. அவன் சொல்லுக்கு மறுசொல் இல்லை. கருவாட்டுக்கு மீன் எடுக்கக்கூட அதன்பின் அவளைக் கரையில் அண்டவிடவில்லை. கொடுமை என்னவென்றால், அவன் சொன்னதை அவளும் நம்பினாள். நம்பியபடியே அவன்மேல் கறுவினாள். என் வாய் அவ்வளவு பொல்லாததென்றால் அதை உனக்கே வைக்கிறேன் என்று முடிவெடுத்தாள்.

அந்தக் கரையில் நான்கு வலைகள். எது முதலில் கடலில் வளைப்பதென்று விடிந்ததும், அந்தோனியாரின் சிறு சிலுவைக் கோயிலான குருசடி முன்னால் சிப்பி எடுத்துப் பார்ப்பார்கள். மண்முட்டிக்குள் நான்கு சிப்பிகள், ஒன்றுக்கு மட்டும் சிவப்புப் பெயின்ட். சிவப்பு வந்தவனுக்கு முதல் வளைப்பு. மறுநாள் நான்கும் திரும்ப முட்டிக்குள் போய்விடும்.

குருசடிக்குக் கும்பிட வரும் கத்தரினாவை யாரும் தடுக்க முடியாது. இனாஸ் முட்டியை நோக்கி நடக்கையில் பின்னாலிருந்து, "அத்தான்" என்று கூப்பிட்டாள். அவன் உடம்பு ஒருதரம் உதறியது. வந்தது வெறுஞ்சிப்பி. கத்தரினா வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டாள். அடுத்த நாளும் வெறுஞ்சிப்பிதான். அதற்கடுத்த நாள் சிவப்பு வந்தது, அவளுக்குப் பற்றி எரிந்தது. குரல் காணாதென்று நினைத்து உரக்கக் கூப்பிட்டாள். மறுபடியும் சிவப்பு. பிறகு தொடர்ந்து வெறுமை. இத்தனைக்குப் பிறகு இனிச் சிவப்புத்தான் என்று இனாஸ் மார்தட்டிய அன்றும் வெறுமை. முட்டி நேற்றை நினைவில் வைத்திருக்கவில்லை. அவள் தலவிலக் கோயில் பெருநாளுக்குப் போய் வராமலிருந்த நாட்களை விசாரித்தாள். அப்போதும் அவனுக்கு வருவதும் வராததுமாகவே இருந்ததாம், மற்ற மூவருக்கும் போல.

ஒரு காலை அவள் கூப்பிட்டு வாய் மூடுமுன் இனாஸ் சிவப்பை எடுத்தான். திட்ட வாயெடுத்தவள் அப்படியே மணலில் குந்திவிட்டாள். கேட்பாரில்லாமல் அழுதாள். பிறகு எழும்பி, எல்லாச் சம்மாட்டிமாரும் பார்க்க அவன் முன்னால் போய் நின்றாள்.

"மாசக்கணக்கா உம்மைப் பின்னால கூப்பிட்டுப் பாத்திட்டன், சம்மாட்டியார். இந்தச் சிப்பிக்கே கேக்காத என்ர குரல், அண்டைக்குக் காத்துக்குக் கேட்டதோ?"

இனாஸ் சிப்பியும் கையுமாக நின்றான். அன்று அவன் வலையிலிருந்தே கூடை நிறைய மீன் எடுத்துப் போனாள், ஒருவரும் தடுக்கவில்லை.

மன்னித்துவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். இன்றும் விடிந்தால் குருசடிக்குப் போய் அவனைப் பின்னாலிருந்து கூப்பிடுகிறாள். ஆனால் இப்போது, இவனுக்குச் சிவப்பையே கொடும் என்று அந்தோனியாரிடம் மன்றாடுகிறாள். சிவப்பு வரும் நாட்களில், தன் வாயில் பொல்லாப்பில்லை என்று கரை கேட்கச் சிரிப்பவள் அவள். தலை குனிந்தபடி வலைக்குப் போகிறவன் அவன்.