மதியக் கொடையில் அக்கா சிந்திய ரத்தம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று அக்காவின் பிள்ளைகள் இருவரும் கேட்டார்கள். "மாமா, ஆஸ்பத்திரி கட்டுனதப் பத்தி நல்லா எழுதுங்க. அம்மா கையில வெட்டுப்பட்டத விபத்துன்னு ஒரு வரில சொல்லிட்டாப் போதும்" என்றான் மூத்தவன். அந்த ஒரு வரிதான் எனக்கு எழுத வரவில்லை. படிக்கும் உறவினர்களும் நண்பர்களும் பாதியில் தூக்கி எறியாமல் கடைசிவரை படிக்க வேண்டுகிறேன்.

அக்கா பிறந்தது களக்காட்டுக்குக் கிழக்கே, வாழையை நம்பிப் பிழைக்கும் எங்கள் ஊரில். எனக்கு ஆறு வயது மூத்தவர். எங்கள் வீட்டில் பேச்சுக்கு முன்னால் கை போகும். அப்பா அம்மாவை அடிப்பார். ஒருநாள் அவர் உலக்கையோடு வந்தபோது, பன்னிரண்டு வயது அக்கா குறுக்கே பாய்ந்து அவர் முழங்கையைக் கடித்துவிட்டார். ரத்தம் வந்த பிறகும் பல்லை எடுக்கவில்லை. அன்றோடு அம்மாவை அடிப்பது நின்றது. எங்கள் இருவரையும் அடிப்பது நிற்கவில்லை. அந்த அடிகளில் அக்காவுக்குப் பிடிவாதம் வந்தது, எனக்கு மூர்க்கம் வந்தது.

திருமணமாகி அதே ஊரில்தான் வாழ்ந்தார். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது அத்தானை வாழைத்தோட்டத்தில் பாம்பு கடித்தது. நாங்கள் நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியது மந்திரிப்பவர் வீட்டுக்கு. ஆஸ்பத்திரி வெகு தூரம் என்பதால் யாருக்கும் அந்த நினைப்பே வரவில்லை. வேப்பிலை அடித்து முடிப்பதற்குள் அத்தானுக்கு வாயில் நுரை தள்ளி உயிர் போய்விட்டது. அக்கா அந்த வேப்பங்குழையைப் பிடுங்கி, மந்திரித்தவர் முகத்திலேயே மாறி மாறி அடித்தார். பிடித்து இழுத்த என்னையும் அடித்தார்.

பிற்பாடு ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. விதவை, அப்பாவி, சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவாள் என்று நினைத்து ஊர்ப் பெரியவர்களே அக்காவை நிறுத்தி ஜெயிக்க வைத்தார்கள். நல்ல ஆளாகப் பார்த்துத்தான் பிடித்தார்கள்! முதல் கூட்டத்திலேயே, தங்களுக்கென்று அவர்கள் போட்டிருந்த நாற்காலிகளை அக்கா வெளியே எடுத்துப் போடச் சொன்னார். அடுத்து, ஊருக்கு ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டுமென்று மனு எழுதினார்.

அதற்கு அவர் காட்டிய இடம் ஊர்க் காவல்தெய்வமான மாடன் கோயிலுக்கு எதிரே உள்ள களம். அரசுப் புறம்போக்கு, பேருந்துச் சாலையை ஒட்டிய இடம். கீழத்தெருவுக்கு வண்டி போகும் ஒரே பாதையும் அதன் வழியாகத்தான். ஆனால் கொடைவிழாவில் கிடா வெட்டுவதும் அங்கேதான். ஊர் கொதித்தது. கிராம சபையில் நாற்காலி பறந்து அக்காவின் நெற்றி பிளந்தது. வீட்டு ஓடுகள் கல்லெறியில் நொறுங்கின. அவருடைய ஸ்கூட்டர் ஒருநாள் கிணற்றுக்குள் கிடந்தது. நான் யார் பக்கம் நின்றேன் என்று கேட்பீர்கள். ஊர்ப் பக்கம் நின்றேன். முதல் கிடாவை வெட்டும் உரிமை எங்கள் குடும்பத்து ஆண்பிள்ளைக்கு. பேட்டையில் லேத் பட்டறை வைத்துப் பிழைக்கும் எனக்கு ஊரில் வேறென்ன மரியாதை இருந்தது?

வெட்டுக்கு ஒரு முறை உண்டு. முதல் கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பை உதறினால் மாடன் உத்தரவு கொடுத்துவிட்டார் என்று பொருள். உதறும்வரை களத்துக்குள் ஒருவரும் கால் வைக்கக்கூடாது. அந்த வருடம் மதியக் கொடையில் மூன்று குடம் ஊற்றியும் கிடா உதறவில்லை. நல்ல வெயில். மேளம் உச்சத்தில் இருந்தது. பட்டறையில் நானே சாணை பிடித்த அரிவாளோடு காத்து நின்றேன். அப்போது சாலையில் ஆம்புலன்ஸ் அலறியது. கீழத்தெருவில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம், குழந்தை குறுக்கே கிடக்கிறது என்றார்கள். ஆட்கள் வண்டிக்கு முன்னால் நின்று மறித்தார்கள். டிரைவரைச் சட்டையைப் பிடித்து இறக்கி அறைந்தார்கள்.

அக்கா செருப்புக் காலோடு களத்துக்குள் வந்தார்.

"பொறு தாயி, உத்தரவு வரட்டும்" என்றார் கோயில் பெரியவர்.

"ஆடு உதறுத வரைக்கும் புள்ள உள்ளயே கெடக்குமா வே?" என்று கேட்டுவிட்டு, அக்கா கிடாவின் கயிற்றை இடது கையில் சுற்றி இழுத்தார்.

"யக்கா, கயித்த விடு. ஊரே பாக்குது" என்றேன்.

"பாக்கட்டும். நீ என்னலே பண்ணுவ? வெட்டுதியா? வெட்டு!"

அந்த ஊர் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண் இருண்டது. அரிவாளை ஓங்கினேன், இறக்கினேன். மணிக்கட்டுக்கு மேலே எலும்புவரை இறங்கியது. ரத்தம் பீறிட்டுக் கிடாவின் முதுகில் கொட்டியது. கிடா உடம்பை உதறியது.

பெண்கள் குலவை போட்டார்கள். என் அக்காவின் கை தொங்கிக்கொண்டிருக்க, உத்தரவு வந்துவிட்டதென்று ஊர் கூத்தாடியது. அந்தச் சத்தம் இன்றும் என் காதில் கேட்கிறது. அக்கா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடந்தார். மறித்த ஆட்கள் விலகினார்கள். கீழத்தெருவில் ஏற்றிய அந்தப் பெண்ணும் அக்காவும் ஒரே வண்டியில் போனார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் காலை பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில், கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்தவர் காவலரிடம் சொன்னார்: "கிடா திமிறிச்சு சார். அருவா தவறிட்டு. தம்பி மேல தப்பில்ல." காவலர் போனதும் என் பக்கம் திரும்பினார். "ஊர்ல என்ன பேசுதாவ?"

"மாடன் உன் ரத்தத்தக் கேட்டு வாங்கிட்டாருன்னு பேசுதாவ."

அக்கா சிரித்தார். அந்த வலியிலும் சிரித்தார். "நல்லதாப் போச்சு. ரத்தத்த வாங்குனவரு களத்தக் கொடுக்கணும்லா? போய்ச் சொல்லு. அருவா பிடிச்சவன் சொன்னாத்தான் நம்புவாவ."

போய்ச் சொன்னேன். மாடனே என் கையைப் பிடித்து இறக்கினார், களத்தை அக்காவுக்குக் கேட்கிறார் என்று கூசாமல் சொன்னேன். பெரியவர்கள் விழுந்து கும்பிட்டுக் களத்தைக் கொடுத்தார்கள். இன்று நீங்கள் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும் கட்டடம், பாம்புக்கடி என்றால் மந்திரிப்பவரை விட்டு நேராக ஓடுகிற கட்டடம், என் பொய்யின்மேல் எழும்பியது. அதற்குப் பிறகு நான் அரிவாளைத் தொடவில்லை.

அக்காவின் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கியே நின்றுவிட்டன. கொண்டை போட அடுத்தவர் தயவு வேண்டியிருந்தது. நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது அந்த விரல்களைக் காட்டி, "லேத்துக்காரன் வேலைல்லா, அளவு பிசகல" என்று கேலி செய்வார். நானும் சிரிப்பேன். வீட்டுக்குப் போய்ச் சுவரில் முட்டிக்கொள்வேன்.

கடைசி மாதங்களில் இதயம் பலவீனப்பட்டுப் படுக்கையில் விழுந்தார். ஒருநாள் கஞ்சி கொடுக்கும்போது, "யக்கா, அன்னைக்கு நான் வேணும்னேதான்..." என்று தொடங்கினேன்.

"தெரியும்லே. வெட்டுப்பட்டவளுக்குத் தெரியாதா?" என்றார். "ஊர்ல சொல்லணும்னா நான் போன பொறவு சொல்லிக்கோ. அதுக்குள்ள கட்டடம் உறச்சிரும், ஒருத்தனும் இடிக்கமாட்டான்." பிறகு வாயைத் திறந்தார், கஞ்சிக்காக.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் உடல்மேல் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை நான் போர்த்தியபோது, பிள்ளைகள் அந்தக் கையை உள்ளே மறைத்து வைத்தார்கள். நான் அதை வெளியே எடுத்து நெஞ்சின்மேல் வைத்தேன். அது ஏன் என்று அன்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

தினமும் வீடு தேடி வந்து ரத்த அழுத்தம் பார்த்த செவிலியர் அம்மையாருக்கும், அன்று அறை வாங்கியும் வண்டியைத் திருப்பாமல் நின்ற டிரைவர் தம்பிக்கும், அக்காவைக் குளிப்பாட்ட நீர்மாலைக் குடம் சுமந்த பெண்களுக்கும், பாடை சுமந்த தோள்களுக்கும், இறுதி நாளில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து அழுத கீழத்தெருத் தாய்க்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. வரும் கொடையில் களத்தைப் பற்றிப் பேசும்போது மாடன் பெயரை இழுக்க வேண்டாம். அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தவர் அக்கா.

அன்று கிடா திமிறவில்லை. நான்தான் வெட்டினேன்.