ரோமத்துக்கும் காவல்

ஊரில் எல்லோருக்கும் அவள் ஆட்டுக்கார அக்கா. நாய் என்றாலே முகம் சுளிப்பவள். அந்த வருஷம் நரி ஆறு குட்டிகளைத் தூக்கிப் போனதும், வேறு வழியில்லாமல் கன்றுக்குட்டி அளவில் ஒரு வெள்ளைக் காவல் நாயைக் கூட்டிவந்தாள். ஒரு மாதம் பட்டிக்குள்ளேயே செம்மறிகளோடு விட்டுப் பழக்கினாள். பிறகு நரி அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

வம்பு தொடங்கியது ரோமம் கத்தரிக்கிறவர் வந்த காலையில்தான். முதல் ஆட்டின் காலை அவர் பிடித்ததுதான் தாமதம், நாய் உறுமிக்கொண்டு பாய்ந்தது. மனிதர் கத்தரியைப் போட்டுவிட்டு வைக்கோல் போரின் மேல் ஏறிவிட்டார்.

“என்னம்மா இது, என்னைத் திருடன்னு நினைக்குதா?”

“இறங்காதீங்கண்ணே, இதோ வரேன்!”

அக்கா நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டே முதல் ஆட்டைத் தானே பிடித்துக் கொடுத்தாள். மொட்டையாகி எழுந்த ஆட்டை நாய் முன்னும் பின்னும் மோந்து பார்த்தது. நம்ம ஆள்தான் என்று தெரிந்ததும் வாலை ஆட்டியது. அப்படியே முப்பது ஆடுகளும் முடிந்தன.

மூட்டை கட்டப் போனபோது அடுத்த கூத்து. நாய் ரோமக் குவியலின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு பல்லைக் காட்டியது. அதிலும் ஆட்டு வாசனைதானே!

“பாதி ஆடு இங்க கிடக்குன்னு நினைச்சிடுச்சும்மா!”

அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பட்டியைத் திறந்து ஆடுகளை மேய்ச்சலுக்கு விரட்டினாள். நாய் ஆடுகளைப் பார்த்தது, குவியலைப் பார்த்தது, பெருமூச்சு விட்டுவிட்டு ஆடுகளின் பின்னால் ஓடியது.

“சீக்கிரம் அள்ளுங்கண்ணே, சரிபார்க்கத் திரும்பி வந்துடப் போகுது!”